போணி சிஸ்டர்

ஜாய்சன் நீலப் பெட்டியோடு லிஃப்டை விட்டு வெளியே வந்தால் போதும், அந்தத் தளத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் எங்கிருந்தோ வேலை முளைத்துவிடும். ஒருத்தி ஃபைல் தேடப் போவாள், ஒருத்தன் ஸ்டோருக்குப் போவான், போக்கிடம் ஏதும் அகப்படாதவர்கள் பாத்ரூமுக்காவது போவார்கள். நாளெல்லாம் அடுத்தவர் உடம்பில் ஊசி குத்துகிற கைகள்தான் அவை. தன் தோள் என்று வந்துவிட்டால் மட்டும் அப்படி ஒரு ஓட்டம். நல்ல ஜனங்கள் போங்கள்!

ஓசூர் ரோட்டில், எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி அது. பெயர் நமக்கு வேண்டாம். ஜாய்சன் அங்கே இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ். அதாவது, யார் கை கழுவினார்கள், யார் கழுவாமல் கழுவினதாகச் சொன்னார்கள், எந்த வார்டிலிருந்து எந்த வார்டுக்கு எந்தக் கிருமி நடந்து போனது என்று பார்ப்பது அவன் வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை. மழைக்காலம் வருமுன் ஆஸ்பத்திரி ஆட்கள் அத்தனை பேருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடுவதும் அவன் தலையில்தான். கட்டாயம் கிடையாது. கட்டாயம் கிடையாது என்று ஒரு சர்க்குலர் வரும். ஆனால் எல்லோரும் போட்டிருக்க வேண்டும் என்று மேலேயிருந்து ஜாய்சனுக்கு மட்டும் ஃபோன் வரும். அவன் என்ன செய்வான் பாவம், கையைப் பிடித்து இழுத்தா குத்த முடியும்?

கோலார் தங்கவயல் பிள்ளை. அப்பா சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு விடிகாலை ரயிலேறி பெங்களூர் வந்து ஏதோ ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் நின்றவர். மகன் நர்சிங் சேருகிறேன் என்றதும் தெருவே சிரித்தது. “ஆம்பளப் புள்ள நர்சம்மாவா?” என்று கேட்காத ஆள் இல்லை. ஜாய்சனும் கூடவே சிரித்தான். அவனுக்கு எதற்கும் கோபம் வராது. அதுதான் அவனுடைய பலம், பலவீனம் எல்லாம்.

ஊசி போடும்போது அவன் ஒரு வார்த்தை சொல்வான். “ஒண்ணும் ஆகாது.” கன்னடக்காரருக்கு “ஏனூ ஆகல்ல” என்பான், இந்திக்காரருக்கு “குச் நஹீ ஹோகா” என்பான். பஞ்சு தோளில் படும், வார்த்தை வாயில் வரும், ஊசி உள்ளே போய்விடும். இத்தனையும் ஒரே மூச்சில் நடக்கும். அந்த வார்த்தையில் அப்படியொரு நிச்சயம் இருக்கும். அதைக் கேட்டுத்தான் பாதிப் பேர் சட்டையை மடக்கினார்கள் என்று சொன்னால் பொய்யில்லை.

சுனிதாவும் அதைக் கேட்டுத்தான் மடக்கினாள். கொரோனாவுக்கு முந்தின வருஷம், அவள் அங்கே நர்ஸாகச் சேர்ந்த புதிது. மாநாட்டு அறையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஜாய்சன் நிற்கிறான். சுவரோரமாக எல்லோரும் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களே தவிர உட்கார ஆள் இல்லை. “யாராவது ஒருத்தர் போணி பண்ணுங்கப்பா, காலையிலேர்ந்து கடை திறந்து வெச்சுக்கினு உக்காந்திருக்கேன்” என்றான் ஜாய்சன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு ஒல்லிப் பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “போடுங்க பிரதர்” என்றாள். ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸை பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். “ஒண்ணும் ஆகாது” என்றான் பிரதர். ஆகிவிட்டது. அடுத்த வருஷம் ஆஸ்டின் டவுன் தேவாலயத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு கல்யாணம்.

கல்யாணத்துக்குப் பிறகும் டியூட்டியில் அவள் அவனை பிரதர் என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. கேலிக்குக் கேட்க வேண்டுமா! ஆனால் வருஷா வருஷம் முதல் ஊசி அவளுக்குத்தான். அவள் கைராசி அப்படி. அவள் எழுந்ததும் அடுத்த ஆள் உட்காருவாள், அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்துவிடுவார்கள். அவளுக்குப் போணி சிஸ்டர் என்று பெயரே விழுந்துவிட்டது. சொந்தப் பெண்டாட்டிக்கே போடுகிறான், நமக்கென்ன என்று ஜனங்களுக்கு ஒரு தைரியம். ஜாய்சனுக்கு அதில் பெருமை. எவ்வளவு பெரிய தப்பைக் கடை வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோம் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

போன வருஷமும் அவள்தான் முதலில் உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டே தோளைக் காட்டுகிறாள், அவன் குனிந்து குத்துகிறான். யாரோ படம் பிடித்தார்கள், நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அன்றைக்கு அவள் வயிற்றில் ஒரு உயிர் இருந்தது. அவளுக்கே தெரியாது. வருஷக்கணக்காகக் காத்திருந்த உயிர். தெரிந்து, இரண்டு பேரும் சந்தோஷப்பட்டு, காய்கறி வாங்கும்போதுகூட காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நாளிலேயே அது கலைந்துவிட்டது.

பிரசவ டாக்டர் ஸ்ரீவித்யா இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். “இதுக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. ஆரம்பத்துல இப்படிக் கலையறது நிறைய பேருக்கு நடக்கறதுதான். ஊசி போடாம இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும். ரெண்டு பேருமே படிச்சவங்க, மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.” ஜாய்சன் தலையாட்டினான். அவனுக்கு அது புரிந்தது, நம்பவும் செய்தான். சுனிதாவும் தலையாட்டினாள்.

வீட்டில் அவள் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. அழுதாள், சமைத்தாள், டியூட்டிக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலும் யாரும் பேசவில்லை. அங்கேதான் வினையே. முகத்துக்கு நேரே ஒரு ஆள் கேட்டிருந்தால் ஜாய்சன் பதில் சொல்லியிருப்பான். டாக்டர் சொன்னதைச் சொல்லியிருப்பான், உட்கார்ந்து விளக்கியிருப்பான். கேட்கவே இல்லையே! அவன் கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். இரக்கமாகப் பார்ப்பார்கள். ஒருநாள் நோட்டீஸ் போர்டில் அந்தப் படத்தைக் காணோம். யார் எடுத்தார்கள் என்று தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் எடுத்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் மட்டும் மிச்சம் இருந்தது. அவன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

இந்த வருஷம் கடவுள் மறுபடி கண்ணைத் திறந்தார். சுனிதாவுக்கு இது ஐந்தாம் மாசம். ஸ்கேன் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஸ்ரீவித்யா டாக்டர் சீட்டு எழுதும்போதே சொன்னார்: “சுனிதா, ஃப்ளூ ஊசி போட்டுக்கணும். அதுவும் நீ மெடிக்கல் வார்டுல இருக்கே. வயித்துல புள்ளையோட ஃப்ளூ வந்தா ரொம்பப் படுத்தும்மா. சில பேருக்கு ஐ.சி.யு. வரைக்கும் போயிடும்.”

“பாக்கலாம் டாக்டர்” என்றாள் சுனிதா.

பாக்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஜாய்சனுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அந்த வார்த்தையைத்தானே அவன் வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.

அவன் அவளிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? எந்த வாயால்? ராத்திரி சாப்பிடும்போது வாய் வரைக்கும் வரும், சோற்றோடு சேர்த்து முழுங்கிவிடுவான். அவளும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள். அது இருக்கட்டும், அவளை அந்த வார்டிலிருந்தாவது மாற்றிவிடலாம் என்று இன்சார்ஜ் ராதா சிஸ்டரிடம் போய் நின்றான். மழை ஆரம்பித்திருந்தது. மெடிக்கல் வார்டு முழுக்கக் காய்ச்சலும் இருமலும்தான்.

ராதா கெட்டவள் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். “எங்க மாத்தறது பிரதர்? ரெண்டு பேரு லீவு, ஒருத்தி துபாய் போயிட்டா. கண்டிப்பா இந்த மாசம் முடியாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நான் அவள இருமல் கேஸ் பக்கம் விடாம பாத்துக்கறேன்.” வார்டு முழுக்க இருமல் கேஸாக இருந்தால் எந்தப் பக்கம் விடுவாள்? அது அவளுக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். சரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்தான்.

முகாம் நாள் வந்தது. மாநாட்டு அறை, அதே நாற்காலி. இந்த வருஷம் நிர்வாகம் தாராளமாக வடையும் காபியும் வைத்திருந்தது. வடைக்குக் கூட்டம் வந்தது. நாற்காலிக்குத்தான் ஆளைக் காணோம். சுவரோரமாக நின்று வடையைக் கடித்துக்கொண்டே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். “போன தடவை போட்டு ரெண்டு நாள் காய்ச்சல் பிரதர், அந்த ரெண்டு நாளையும் என் லீவுலதான் கழிச்சாங்க.” “எனக்குச் சளியே புடிக்காது.” “கொரோனாவையே பாத்தாச்சு, இது என்ன ஜுஜுபி.” “பெரிய டாக்டருங்க யாராச்சும் போட்டுக்கினாங்களா? அவங்க மொதல்ல போடட்டும்.” எல்லாம் ஜாய்சன் கேட்ட பாட்டுதான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது, சொல்லவும் சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள். கண் மட்டும் அவனைத் தாண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எல்லாத் தலையும் திரும்பியது.

அவர்கள் யாரை எதிர்பார்க்கிறார்கள் என்று அவனுக்கு விளங்காமலா இருக்கும்?

“சரி, நானே மொதல்ல போட்டுக்கறேன்” என்று சட்டையை மடக்கி, பக்கத்தில் இருந்த நர்ஸிடம் தோளைக் காட்டினான். ஊசி இறங்கியது. ஒருத்தரும் அசையவில்லை.

“கடைக்காரனே வாங்கிக்கினா அது போணியா தம்பி?” என்று ஒரு குரல் வந்தது. ஆரோக்கியசாமி. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், தங்கவயல்காரர், ஜாய்சனின் அப்பாவோடு ஒரே ரயிலில் வந்து போனவர். வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டார். “நான் பட்டுனு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. உன் வூட்டம்மா இந்த வருஷம் போட்டுக்கிச்சா?”

ஒரு வருஷமாக அவன் காத்திருந்த கேள்வி. யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி. வந்தேவிட்டது. ஸ்ரீவித்யா டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கிழவர் கேட்டது அதையா? போட்டுக்கொண்டாளா, இல்லையா என்றுதானே கேட்டார்.

“இன்னும் இல்லண்ணா” என்றான் ஜாய்சன்.

“அப்ப அது போட்டுக்கட்டும், அப்பால நாங்க வர்றோம்.” கோபமோ கேலியோ இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார் ஆரோக்கியசாமி. காபி டம்ளர்களை வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். டயட் பிரிவிலிருந்து ஒரு பெண்ணும், ஃபார்மசியிலிருந்து இரண்டு பேரும் போட்டுக்கொண்டதோடு சரி.

மறுநாள் அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போனான். கடைசியில் மெடிக்கல் வார்டு. வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தான். ஊசி மருந்து எடுத்து வைக்கிற சின்ன அறையில் சுனிதா தனியாக நின்றிருந்தாள். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. வயிறு லேசாக மேடிட்டிருந்தது. அவனைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த வேலையை முடித்து, கையைக் கழுவிக்கொண்டாள்.

“ஊசி இருக்குதா பெட்டியில?” என்றாள்.

“இருக்கு.”

“எடுங்க. போட்டுக்கறேன்.”

அவனுக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று ஆகிவிட்டது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யூனிஃபார்ம் கையை மடக்கினாள். பெட்டியைத் திறந்து, ஊசியை எடுத்து, சில்லென்று இருந்த அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பஞ்சை நனைத்தான். கதவு பாதி திறந்திருந்தது. மூட வேண்டும் என்று தோன்றவில்லை. ஸ்பிரிட் அவள் தோளில் பட்டது.

“இருங்க” என்றாள். “சொல்லிட்டுப் போடுங்க.”

“இன்னா சொல்றது?”

“எப்பவும் சொல்லுவீங்கல்ல. போன வருஷம்கூட சொன்னீங்க. ஒண்ணும் ஆகாதுன்னு. அதச் சொல்லிட்டுப் போடுங்க.”

“சுனி, ஸ்ரீவித்யா டாக்டர்தான் சொன்னாங்களே, இதுக்கும் அதுக்கும்...”

“டாக்டர் சொன்னத நானும்தான் கேட்டேன். நானும் நர்சிங் படிச்சவதான், எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா போதும்.”

இரண்டே வார்த்தை. சொல்லித் தொலைத்தால்தான் என்ன? காலையிலிருந்து ராத்திரிவரை கண்டவனுக்கெல்லாம் சொல்கிறானே! இந்த மருந்து குழந்தையை ஒன்றும் செய்யாது என்று அவனுக்குத் தெரியும். அடித்துச் சொல்வான். ஆனால் அவள் மருந்தைப் பற்றியா கேட்கிறாள்? இன்னும் நாலு மாசம் இருக்கிறது. அந்த நாலு மாசத்துக்கும், பிறக்கப் போகிற பிள்ளைக்கும் சேர்த்து ஒரு வாக்குக் கேட்கிறாள். போன வருஷமும் அவன் சொன்னதில் பொய்யில்லையே. மருந்தால் ஒன்றும் ஆகவில்லைதான். ஆனாலும் ஆனதே! நாளைக்கு வேறு எதனாலோ ஏதாவது என்றால், நீங்கதானே சொன்னீங்க என்று அந்தக் கண் அவனைக் கேட்குமே. அந்தக் கண்ணை அவன் எங்கே கொண்டு போய் வைப்பான்?

வாயைத் திறந்தான். “ஒண்ணும்...” என்றான். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முயன்றான். வரவில்லை. ஐயோ, சொல்லேன்டா என்று உள்ளே அலறிக்கொண்டே நின்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரப்படுத்தவில்லை. பிறகு மெதுவாகக் கையை இறக்கிவிட்டு, எழுந்து, அவன் தோளைத் தொட்டாள்.

“பரவால்லீங்க. பொய் சொல்லாம இருந்தீங்களே, அதுவே போதும்.”

“அப்படி இல்ல சுனி, நீ தப்பா...”

வார்டில் மணி அடித்தது. “சிஸ்டர்!” என்று இருமலுக்கு நடுவே யாரோ கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள். கண்ணாடித் தடுப்பு வழியாக ஜாய்சன் பார்த்தான். மூச்சுத் திணறிய ஒரு பெரியவரைத் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைக்கிறாள். அவர் அவள் தோளிலேயே சாய்ந்து இருமுகிறார், இருமிக்கொண்டே இருக்கிறார். அவள் ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். இன்னொரு கை அவளையும் அறியாமல் தன் வயிற்றின்மேல் இருந்தது.

மூடியைக் கழற்றாத ஊசியை அவன் பெட்டியில் திருப்பி வைத்தான். நிமிர்ந்தபோது பாதி திறந்த கதவுக்கு வெளியே ராதா சிஸ்டர் நின்றிருந்தாள், கூட இரண்டு நர்ஸ்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ. வார்டின் இருமல் சத்தத்தில் பேச்சு கேட்டிருக்காது. ஊசி வெளியே வந்ததையும், பெண்டாட்டி தோளைக் காட்டியதையும், புருஷன் போடாமல் திரும்ப உள்ளே வைத்ததையும் மட்டும் பார்த்திருப்பார்கள்.

“சிஸ்டர், நீங்க நெனக்கற மாதிரி இல்ல...” என்று ஆரம்பித்தான்.

“நான் எதுவும் நெனக்கல பிரதர்” என்றாள் ராதா. குரல் தழுதழுத்தது. “விடுங்க. உங்க நெலமையில யாரா இருந்தாலும் போட மாட்டாங்க.”

அவ்வளவுதான். அவன் படியேறி அடுத்த தளத்துக்குப் போவதற்குள் சேதி லிஃப்டில் போய்விட்டது. அங்கே யாரும் ஃபைல் தேடி ஓடவில்லை. ஓட வேண்டிய தேவை தீர்ந்துவிட்டதே. அவனை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். “எங்களுக்கும் புரியுது பிரதர்” என்றாள் ஒரு சின்னப் பெண். புரியலம்மா, உங்களுக்கு ஒண்ணுமே புரியல, அது நல்ல மருந்து, போட்டுக்கோங்க, என் பெண்டாட்டியும் போட்டுக்கணும், நான் ஒரு கையாலாகாதவன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. டீயைக் குடித்தான். சொல்லியிருந்தாலும் யார் நம்பப் போகிறார்கள்? கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில், டியூட்டி முடிந்து இரண்டு பேரும் ஆஸ்டின் டவுனுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். மழை. சில்க் போர்டு சந்திப்பில் வழக்கம்போல எல்லாம் நின்றுபோயிருந்தது. இந்த ராத்திரி எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று ஜாய்சன் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் வாயடைச்சு நின்னது பயத்தாலதான், மருந்தால இல்ல. நாளைக்கே ஸ்ரீவித்யா டாக்டர் கையால போட்டுக்கோ. இப்படிச் சொல்லலாம். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

பக்கத்தில் சுனிதா இருமினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி இருமினாள். அவன் சட்டென்று அவள் கையைப் பிடித்தான். சுட்டது.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“பயப்படாதீங்க” என்றாள். “ஒண்ணும் ஆகாது.”

ஜாய்சன் எட்டி ஜன்னலைத் திறந்தான். மழை உள்ளே அடிக்கிறது, மூடுங்க சார் என்று பின்சீட்டில் யாரோ சத்தம் போட்டார்கள். காற்று வரட்டும் என்று அவன் அப்படியே விட்டுவிட்டான்.